யார் அந்த அத்தை?

கேள்வி: பழைய பிரெஞ்சுப் பாடநூல்களில் ‘என் அத்தையின் பேனா என் மாமாவின் மேசை மேல் இருக்கிறது’ என்பதுதான் ஆரம்பப் பாடமாமே? ஆயுளில் ஒருமுறைகூடச் சொல்லப்போகாத இப்படிப்பட்ட வாக்கியங்களைப் புதிதாக மொழி கற்பவர் தலையில் ஏன் கட்டுகிறார்கள்?

பதில்: முதலில், அது அத்தை என்று யார் சொன்னது? பிரெஞ்சில் ‘தாந்த்’. அப்பாவின் தங்கைக்கும் அதே சொல், அம்மாவின் அக்காவுக்கும் அதே சொல், சித்தப்பா மனைவிக்கும் அதே சொல். ‘ஓங்க்ள்’ கதையும் இதுவே. அத்தை பேனா மாமா மேசையில் கிடந்தால் அது வீட்டு விஷயம். சித்தி பேனா பெரியப்பா மேசையில் கிடந்தால் விசாரிக்க வேண்டிய விஷயம். பிரெஞ்சுக்காரர் ஒரே சொல்லில் தப்பித்துக்கொண்டார். தமிழாக்கியவருக்குத்தான் வம்சாவளி பார்க்கிற வேலை.

பேனாவுக்கு வருவோம். மூலத்தில் இருப்பது ‘ப்ளூம்’, அதாவது இறகு. இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்துப் பெயர் இது. நம் ‘பேனா’ போர்த்துகீசியச் சொல். அதற்கும் பொருள் இறகுதான். ‘மேசை’யும் அவர்கள் விட்டுப்போனதே. ‘பேனா’ என்று அச்சிட்டதும் ‘எழுதுகோல்’ என்று திருத்தி எழுதும் அன்பர்கள், ‘சாவி’யையும் ‘ஜன்னலை’யும் சேர்த்து ஒரே தவணையில் அனுப்பினால் தபால் செலவு மிச்சம்.

கேள்வி என்ன? ஆம், பயனில்லாத வாக்கியம். அதைப் பேசுவதற்காகச் செய்யவில்லை, பிரித்துப் பார்ப்பதற்காகச் செய்தார்கள். ‘ப்ளூம்’ பெண்பால் என்பதால் முன்னால் ‘லா’. ‘என்’ என்பது அத்தைக்கு ‘மா’, மாமாவுக்கு ‘மோன்’. சொல்கிறவர் ஆணா பெண்ணா என்பது கணக்கிலேயே வராது, உறவுச் சொல்லின் பால்தான் கணக்கு. ‘தாந்த்’தில் வருவது மூக்கொலி. அதற்குப் பயந்து ‘ன்’னை அழுத்துகிறார்கள், அதுதான் தவறு. பேச்சில் ‘நான்’ என்னும்போது கடைசியில் நாக்கு அண்ணத்தைத் தொடாமல் ஒலி மூக்கில் கரைகிறதல்லவா? அதேதான். ‘ப்ளூம்’முக்கு உதட்டை ‘ஊ’வுக்குக் குவித்து, உள்ளே நாக்கை ‘ஈ’க்கு வைக்க வேண்டும். ஒரு பேனாவை வைத்து இத்தனை பாடம். அத்தை பாவம், யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

கெடுதல் செய்வது ‘நூலகம் எங்கே இருக்கிறது?’ போன்ற பயனுள்ள வாக்கியம். உச்சரிப்பு பிசகாமல் கேட்டீர்களோ தொலைந்தீர்கள். இவருக்கு மொழி தெரியும் என்று முடிவுகட்டி, எதிராளி முழு வேகத்தில் அரை நிமிடம் வழி சொல்வார். கேள்வியைத் தந்த புத்தகம் பதிலைத் தரவில்லை. ஆகவே ‘எங்கே’யை விடுங்கள். கையை நீட்டி ‘நூலகம், இந்தப் பக்கமா?’ என்று கேளுங்கள். ஆமாம், இல்லை, அல்லது அவர் கை. மூன்றும் புரியும். அதற்கும் முன்னால் ‘எனக்குக் கொஞ்சந்தான் தெரியும்’ என்பதைத் தட்டுத்தடுமாறிச் சொல்வது உத்தமம். அப்புறம் ‘மெதுவாக’, ‘இன்னொரு முறை’, ‘எழுதிக் காட்டுங்கள்’, ‘இதற்கு என்ன பெயர்?’. கடைசியது இருக்கிறதே, அது அட்சய பாத்திரம். சுட்டிக் காட்டும்போதெல்லாம் ஒரு சொல் கிடைக்கும்.

அடுத்து எண்கள். சொல்லப் பழகுகிறார்கள், கேட்கப் பழகுவதில்லை. பிரான்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 97 என்பது அங்கே ‘நாலு-இருபது-பத்து-ஏழு’. ‘நாலு’ காதில் விழுந்ததும் கை 4 எழுதும், ‘இருபது’ வந்ததும் அதை அடித்து 80 போடும், மிச்சமும் வந்து சேர்ந்தபின் அதையும் அடித்து 97. அதற்குள் அவர் அடுத்த இரண்டு ஜோடியைத் தாண்டியிருப்பார். ஜெர்மானியர் ‘ஏழும் தொண்ணூறும்’ என்பார்கள். அவசரப்பட்டு 79 எழுதியவர்கள் பலர். யாரையாவது 70 முதல் 99 வரை தாறுமாறாகப் பத்து எண் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றும் முழுதாக முடியும்வரை பேனாவைத் தாளில் வைக்காமல் எழுதிப் பழகுங்கள். (அத்தை பேனாவுக்கும் வேலை வந்துவிட்டது.) சிரிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. 90-க்குள் ‘நூறை’யும் 900-க்குள் ‘ஆயிர’த்தையும் ஒளித்து வைத்திருப்பவர்கள் நாம்.

போர்த்துகீசியர் என்றதும் பேத்ரோ கரோலினோ நினைவுக்கு வருகிறார். 1855-இல் போர்த்துகீசியருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் புத்தகம் போட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஒரு பிரெஞ்சு உரையாடல் நூலையும் பிரெஞ்சு-ஆங்கில அகராதியையும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார் என்பது பரவலான கருத்து. பிரெஞ்சில் ‘க்ரோக்கே ல மார்மோ’ என்றால் கால்கடுக்கக் காத்துக் கிடப்பது. அகராதியில் ‘க்ரோக்கே’ என்றால் கடித்து நொறுக்குவது. ‘மார்மோ’ ஒரு குட்டிக் குரங்காகிவிட்டது. ஆங்கில மரபுத்தொடர் பட்டியலில் ‘குரங்கைக் கடித்து நொறுக்கு’ ஏறிவிட்டது. 1883-இல் அதன் அமெரிக்கப் பதிப்புக்கு மார்க் ட்வைன் முன்னுரை எழுதினார், சிரிப்பதற்காக.

தமிழ் கற்க வருகிறவருக்கு நாம் தருவதும் லேசுப்பட்டதல்ல. ‘தாங்கள் எப்பொழுது வருகிறீர்கள்?’ என்று அவர் இலக்கணமாகக் கேட்கிறார். ‘வந்துட்டே இருக்கேன்’ என்று பதில் வருகிறது. பாடநூலைப் புரட்டி, நிகழ்காலம், தொடர்வினை என்று கண்டுபிடித்து வாசலில் போய் நிற்கிறார். கிளம்பவே இல்லை என்று அதற்கு அர்த்தம்.