முதல் நூறு பேர் யார், தம்பி?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நானும் என் நண்பர்கள் இருவரும் சேர்ந்து, எழுத்துக்கு மட்டுமேயான ஒரு சமூக ஊடகச் செயலியை எட்டு மாதமாகச் செய்து வருகிறோம். படம் கிடையாது, வீடியோ கிடையாது. பதிவு போடலாம், பதில் எழுதலாம், பின்தொடரலாம், மறுபகிரலாம். எல்லாம் வேலை செய்கிறது. அடுத்த மாதம் ஒரு தேதி குறித்து, விளம்பரம் செய்து, எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்கிறான் ஒரு நண்பன். இன்னும் பத்து வசதியாவது சேர்க்காமல் வெளியே விடவே கூடாது என்கிறான் இன்னொருவன். எனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. யாருமே வராவிட்டால்? வந்தவர்கள் மறுநாளே போய்விட்டால்? எப்போது, எப்படி வெளியிடலாம் என்று சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

செயலியில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது யாருக்காக என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. தேதி குறிக்கும் நண்பரும் சரி, பத்து வசதி கேட்கும் நண்பரும் சரி, இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பல வருடங்களுக்கு முன்பு நானும் இப்படி ஒரு குழுவில் இருந்தேன். ஆறு பேர். எழுத்துச் செயலிதான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு எல்லோருக்கும் திறந்தோம். புதிய கணக்குகளின் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் ஏறுவதைத் திரையில் பார்த்துக் கைதட்டினோம். நள்ளிரவு தாண்டித்தான், வந்தவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க எனக்குத் தோன்றியது. ஒருவர் எட்டரை மணிக்கு எழுதியிருந்தார்: ‘யாராவது இருக்கீங்களா?’ அதற்குக் கீழே எதுவும் இல்லை. அவருக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கானோர் உள்ளே வந்திருந்தார்கள். ஆனால் அவரை யாரும் பின்தொடரவில்லை என்பதால், அவர் எழுதியது யாருடைய ஃபீடிலும், அதாவது செயலியைத் திறந்ததும் பதிவுகள் வரிசையாக ஓடும் பக்கத்திலும், போய்ச் சேரவில்லை. ஒரு மணிக்கு நான் பதில் எழுதினேன். அவர் திரும்பி வரவே இல்லை. நாலு மாதத்தில் நாங்களும் மூடிவிட்டோம்.

எழுத்துச் செயலிக்கென்று உள்ள சிக்கல் இது. படமும் வீடியோவும் என்றால், யாரையும் தெரியாதவர்கூடக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். தெரியாத ஒருவர் ‘இன்னிக்கு ரொம்ப அலைச்சல்’ என்று எழுதினால் யார் நின்று படிப்பார்கள்? எழுதுகிறவரைத் தெரிந்தால்தான் அந்த வரிக்கே உயிர் வருகிறது. அதனால் கூட்டம் சேர்ப்பதற்கு முன்னால் உறவு சேர வேண்டும்.

ட்விட்டர் 2006இல் வந்தபோது உடனே ஊரெல்லாம் பரவிவிடவில்லை. 2007 மார்ச்சில் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில்தான் திருப்பம் வந்தது. அங்கே கூடியிருந்தவர்களில் பலர் ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்தவர்கள். எந்த அரங்கில் யார் பேசுகிறார், இரவு எங்கே கூடலாம் என்று அவர்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. நடைவழியில் பெரிய திரைகளை வைத்து அந்தப் பதிவுகளை ஓடவிட்டார்கள். நாளொன்றுக்கு 20,000 ஆக இருந்த பதிவுகள் அந்த நாட்களில் 60,000 ஆயின. விளம்பரம் கொடுத்தும் கிடைக்காத ஒன்று அங்கே தானாகவே அமைந்திருந்தது: ஒரே இடம், ஒரே வேளை, ஒருவரையொருவர் தெரிந்த கூட்டம்.

‘த்ரெட்ஸ் ஐந்தே நாளில் பத்துக் கோடிப் பேரைச் சேர்த்ததே’ என்று உங்கள் நண்பர் கேட்பார். மெட்டா நிறுவனத்தின் எழுத்துச் செயலி அது. 2023 ஜூலையில் அப்படி நடந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கவில்லை. இன்ஸ்டாகிராம் கணக்கோடே நுழையலாம், அங்கே நாம் யாரைப் பின்தொடர்கிறோமோ அவர்களை இங்கேயும் ஒரே தட்டில் பின்தொடரலாம். உறவுகளைக் கையோடு கொண்டுவந்தார்கள். அப்படியிருந்தும், வந்தவர்களில் பாதிப் பேர்கூட நிலைக்கவில்லை என்று மெட்டாவின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க்கே அந்த மாதக் கடைசியில் தன் ஊழியர்களிடம் சொன்னார். அவர்கள் அதைத் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூன்று பேர் குழுவுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அபூர்வம். வெறிச்சோடிய செயலியை அழித்தவர் இன்னொரு முறை அதை இறக்கிப் பார்ப்பதில்லை.

எனவே ஒரு தாளை எடுத்து நூறு பேரின் பெயரை எழுதுங்கள். ஏற்கெனவே தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பவர்களாக, பேசுவதற்கு இப்போதைய இடம் போதாமல் தவிப்பவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். சதுரங்கம் ஆடுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ஒரே பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் என்று யாராகவும் இருக்கலாம். உங்களுக்குப் பத்துப் பத்துப் பேராகத் தெரிந்த பத்துக் கூட்டங்களைச் சேர்த்து நூறு என்று கணக்குக் காட்டாதீர்கள். ஒரே கூட்டத்து நூறு பேர் வேண்டும். அவர்களை அழைப்புக் குறியீடு கொடுத்து உள்ளே விடுங்கள். ட்விட்டரைப் போன்ற இன்னொரு எழுத்துச் செயலியான ப்ளூஸ்கை 2024 பிப்ரவரி வரை, ஏறக்குறைய ஓராண்டு, அழைப்பு உள்ளவர்களை மட்டுமே சேர்த்தது. அதனால் அதற்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. திறந்த அதே ஆண்டு நவம்பரில் இரண்டு கோடிப் பேரைத் தொட்டது.

இரண்டாவது நண்பரின் பத்து வசதிகளுக்கு வருகிறேன். த்ரெட்ஸ் வந்த நாளில் அதில் ஹேஷ்டேக் இல்லை, தனிச்செய்தி இல்லை, கணினியில் உட்கார்ந்து எழுதவும் வழி இல்லை. ட்விட்டரின் அடையாளமாகவே ஆகிவிட்ட சில வசதிகள் அந்த நிறுவனம் யோசித்துச் செய்தவை அல்ல. ஹேஷ்டேக் வைக்கலாமே என்று 2007 ஆகஸ்டில் யோசனை சொன்னவர் கிறிஸ் மெசினா என்ற பயனர். மறுபகிர்வும் அப்படித்தான். ஜனங்கள் ரீட்வீட் என்பதைச் சுருக்கி ‘ஆர்டி’ என்று கையால் தட்டித் தட்டிப் பழகிய பிறகே 2009இல் அதற்கு ஒரு பொத்தான் வந்தது. உங்கள் நூறு பேரும் ஏதாவது ஒன்றைக் கையால் செய்து சமாளிப்பார்கள். அதைக் கவனித்துப் பார்த்து அடுத்த வசதியைச் செய்யுங்கள்.

ஆனால் சிலவற்றை முதல் ஆள் உள்ளே வருமுன் செய்தாக வேண்டும். பிளாக், ரிப்போர்ட், கணக்கை அழிக்கும் வழி. பயனர்கள் எழுதும் எந்தச் செயலிக்கும், மோசமானதை வடிகட்டும் ஏற்பாடு, புகார் செய்யும் வழி, தொல்லை தருபவரைத் தடுக்கும் வழி, உங்களைத் தொடர்புகொள்ளும் முகவரி ஆகியவை இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. கணக்கு தொடங்க முடிகிற செயலிக்குள்ளேயே அதை அழிக்கவும் முடிய வேண்டும் என்பது 2022 ஜூன் 30 முதல் கட்டாயம். விதிக்காக மட்டும் செய்தால் அரைகுறையாகத்தான் வரும். பிளாக் என்றால் ஃபீடில் மறைத்தால் போதும் என்று நினைத்துவிடுவோம். தடுக்கப்பட்டவர் என் பதிவை மேற்கோள் காட்டி எழுதினால்? வேறொருவரின் பதிவுக்குக் கீழே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்? பெயரைப் போட்டுத் தேடினால்? போனில் நோட்டிஃபிகேஷன் வந்து விழுந்தால்? இத்தனையிலும் அது வேலை செய்கிறதா என்று மூவரும் இரண்டிரண்டு கணக்கு வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சோதியுங்கள். பயனர்பெயர்களையும் வடிகட்டுங்கள். 2023 ஜூலையில் ப்ளூஸ்கையில் ஒருவர் இனவெறி வசவையே பயனர்பெயராக வைத்து நுழைந்துவிட்டார். அது பெரிய கொந்தளிப்பாகி, நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

வருகிற புகார்களைப் படிப்பது யார் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். எந்த இரவு யார் முறை என்று ஒரு அட்டவணை போடுங்கள். மிரட்டல் வந்த ஒரு பெண் ராத்திரி இரண்டு மணிக்குப் புகார் கொடுத்தால், காலை பத்து மணிக்கு அதைப் பார்ப்பது அவருக்கு எந்த உதவியும் இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. ஹைவ் என்ற செயலி 2022 நவம்பரில் ட்விட்டரை விட்டு வந்தவர்களால் திடீரென்று நிரம்பியது. மிகச் சிறிய குழு. பயனர்களோ பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பிறருடைய தனிச்செய்திகளைக்கூட வெளியாட்கள் படிக்க முடிகிறது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் எச்சரித்தபின், சர்வரையே நிறுத்திவைக்க வேண்டிய நிலை வந்தது. கூகுள் தொடங்கிய ‘பஸ்’ (Buzz) என்ற சமூக ஊடகம் 2010இல் வேறு விதமாகச் சறுக்கியது. யாருக்கு அதிகம் மின்னஞ்சல் அனுப்புகிறோமோ அவர்களைத் தானாகவே பின்தொடர வைத்து, அந்தப் பட்டியலையும் மற்றவர் பார்க்கும்படி விட்டுவிட்டது. அடுத்த ஆண்டே மூடினார்கள். ஃபீடை நிரப்பும் அவசரத்தில் யாருடைய தொடர்புப் பட்டியலையும் அவரைக் கேட்காமல் தொடாதீர்கள். தனிச்செய்தி வசதியை முதல் வெளியீட்டில் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இனி, எழுத்து எண்ணிக்கை. சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் எழுத்துச் செயலியின் குணத்தையே அது தீர்மானிக்கிறது. ட்விட்டரின் 140 வந்தது எஸ்எம்எஸ்ஸின் 160 எழுத்துகளிலிருந்து. மீதி 20 பயனர்பெயருக்கு. 2017இல் அது 280 ஆனது. அதே போன்ற எழுத்துத் தளமான மாஸ்டடானும் த்ரெட்ஸும் 500 என்று வைத்தன, ப்ளூஸ்கை 300. நீங்கள் எதை வைத்தாலும், எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் 15 பைட் (சேமிப்பிடத்தின் அளவு). ஐபோன் செயலியை ஸ்விஃப்டில் எழுதும் நண்பருக்கு மூன்று என்று வரும். இணையப் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவருக்கு ஐந்து. சர்வரில் பைட் கணக்கில் எண்ணினால் பதினைந்து. போனில் ‘இடம் இருக்கிறது’ என்று காட்டும் பதிவை சர்வர் திருப்பி அனுப்பும். முன்னோட்டத்துக்காக வெட்டும்போது புள்ளி கழன்று ‘தமிழ…’ என்று நிற்கும். தன் மொழி தன் கண்முன்னே உடைவதைப் பார்ப்பவருக்கு, இது நமக்காகச் செய்ததில்லை என்று தோன்றிவிடும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே எல்லா இடத்திலும் எண்ணுங்கள், பைட்டுக்குத் தனியாக ஓர் உச்சவரம்பு வையுங்கள். ப்ளூஸ்கை அப்படித்தான் செய்கிறது: 300 எழுத்து, அதோடு 3000 பைட்.

சர்வர் தாங்குமா என்று இப்போதே கவலைப்பட வேண்டாம். சில ஆயிரம் பேர் வரை, ஒருவர் யாரையெல்லாம் பின்தொடர்கிறாரோ அவர்களின் பதிவுகளை நேர வரிசையில் எடுத்துத் தர ஒரு சாதாரண டேட்டாபேஸே போதும். லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவர் எழுதும்போது அத்தனை பேர் ஃபீடிலும் எழுதிவைப்பதா, படிக்கும்போது எடுப்பதா என்பதெல்லாம் வந்த பிறகு யோசிக்க வேண்டிய தலைவலி. நேர வரிசையை மாற்றவும் அவசரப்படாதீர்கள்.

செயலிக் கடைகளின் நடைமுறைக்கும் நாள் ஒதுக்குங்கள். ஆப்பிளின் சோதனை வசதியான டெஸ்ட்ஃப்ளைட் வழியாக 10,000 வெளியாட்கள் வரை சோதித்துப் பார்க்கலாம். கூகுள் பிளேயில் தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கியவர் என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். அடுத்த மாதத் தேதி இதிலேயே தள்ளிப்போகலாம். நல்லதுதான்.

மனம் கனக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ட்விட்டருக்கு மாற்றாக வந்த பெப்பிள் 2023 நவம்பரில் மூடியது. நம் நாட்டில் பெரிய முதலீட்டோடு வந்த ‘கூ’ செயலி 2024 ஜூலையில் மூடியது. நல்ல குழுக்கள்தான், உழைத்தவர்கள்தான். வருமானமே இல்லாமல் எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்று மூவரும் உட்கார்ந்து மறைக்காமல் பேசுங்கள். எழுதியதையெல்லாம் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளும் பொத்தானை முதல் மாதத்திலேயே வையுங்கள். நாங்கள் மூடியபோது அதை வைத்திருக்கவில்லை. தன் அம்மாவைப் பற்றி அங்கே தினமும் நாலு வரி எழுதிவந்த ஒருவர், அவற்றைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டு எழுதினார். அவர் கடிதம் எங்களுக்குக் கிடைத்தபோது சர்வரை அழித்து மூன்று நாள் ஆகியிருந்தது. இன்றுவரை அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

நூறு பேர் வந்த பிறகு எத்தனை பேர் இறக்கினார்கள் என்று பார்க்காதீர்கள். இரண்டு எண்களை மட்டும் தினமும் எழுதிவையுங்கள். முதல் பதிவு போட்டவர்களில் எத்தனை பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மனிதர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது? போன வாரம் எழுதியவர்களில் எத்தனை பேர் இந்த வாரமும் எழுதினார்கள்? இரண்டாவது எண் நாலைந்து வாரம் சரியாமல் நின்றால், அந்த நூறு பேர் கையிலும் ஆளுக்கு மூன்று அழைப்பு கொடுங்கள். சரிந்தால், போனவர்களில் பத்துப் பேருக்குப் போன் போட்டு ஏன் என்று கேளுங்கள். நிரல் எழுதுவதை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

பட்டியலில் நாற்பது பெயர்தான் தேறுகிறது என்றால் நாற்பதோடு தொடங்குங்கள். முதல் நாள் இரவு மூவரில் ஒருவர் கட்டாயம் விழித்திருங்கள்.

அன்புடன்,
அக்கா