லூத்தரன் சபையில் ஆராதனை, கல்வி, இரக்கப்பணி எப்படி இணைகின்றன?

தம்பி, திருகோணமலையில் மெதடிஸ்த சபையில் வளர்ந்த உங்களுக்கு லூத்தரன் ஆராதனையின் ஒழுங்கு பெரிதாகப் புதிதாயிராது: பாவ அறிக்கை, வேத வாசிப்பு, பிரசங்கம், விசுவாசப் பிரமாணம். வித்தியாசம் திருவிருந்தில்தான். அப்பத்திலும் திராட்சை இரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றன என்பது லூத்தரன் விசுவாசம். வெறும் அடையாளமல்ல.

கல்விக்கு, இந்தச் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசமே (கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் சிறு நூல்) அடிப்படை. அதை அவர் வீட்டுத் தலைவர்களுக்காகவும் எழுதினார். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் ‘இதற்கு அர்த்தம் என்ன?’ என்ற கேள்வி வரும். உப்புவெளியில் எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு முடிந்ததும் சின்னவள்தான் அதைக் கேட்பாள், நான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கால்மணி நேரம் எனக்கு அவ்வளவு பிரியம். எங்கள் தமிழுக்கும் இதில் பங்குண்டு: 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு பள்ளிகள் நடத்தினார், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்.

இரக்கப்பணியும் ஆராதனையின் தொடர்ச்சிதான். 1523இல் ஜெர்மனியின் லைஸ்னிக் ஊர்ச் சபை ஏழைகளுக்கும் உதவவென்று ஒரு பொதுப் பணப்பெட்டி வைத்தது. அதற்கு நான்கு பூட்டுகள். சாவிகள் வெவ்வேறு தரப்பினர் கையில். எல்லோரும் கூடினால்தான் திறக்கும்.