பாம்புக்கு ஜோடி வேணும்னு எவன் சொன்னான்?

செந்தூல் பிளாட்ல இருந்து ஒரு அம்மா கேக்குறாங்க: மகன் பால் பைத்தான் (பந்து மாதிரி சுருளுற சின்ன மலைப்பாம்பு) வளக்குறான், பகல் பூரா மண்சட்டிக்குள்ளயே சுருண்டு கெடக்கு, நாலு வாரமா எலிய தொடல. வித்தவர கேட்டா, தனியா இருக்குற கவலை, 350 வெள்ளிக்கு ஒரு பொட்ட தரேன் ஜோடியா விடுங்கங்கறாரு. வாங்கலாமா?

வாங்காதீங்கம்மா. பால் பைத்தான் தனியா வாழுற ஜாதி, ஒரே தொட்டில ரெண்ட விட்டா ஒண்ணு மேல ஒண்ணு படுத்து கொஞ்சுற மாதிரிதான் தெரியும், ஆனா அது பாசம் இல்ல, சூடான மூலைக்கு நடக்குற போட்டி. புதுசோட மிளகுத்தூள் மாதிரி உண்ணி வேற ஓசில வரும். விக்கிறவனுங்களுக்கு பாம்பு மூஞ்சில கவலை தெரியுது, வாங்க வந்தவங்க மூஞ்சில காசு தெரியுது. லைசென்ஸ் கேட்டா வாட்சப்ல யாரோ ஒருத்தர் பேர்ல இருக்குற தாள அனுப்புவானுங்க. பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு இலாகா குடுக்குற லைசென்ஸ் வளக்குறவங்க பேர்ல இருக்கணும், 2010 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் அது, மாட்டுனா வித்தவன் ஃபோன எடுக்க மாட்டான்.

சரி, பாம்பு நல்லா இருக்கான்னு எப்படி பாக்குறது? பகல்ல பதுங்குறது அதோட சுபாவம். பினாங்கு பாம்புக் கோயில்ல விரியன் அசையாம இருக்குறத ஊதுபத்தி மயக்கம்பாங்க, பதுங்கி இரை பிடிக்கிற ஜாதி அப்படித்தான் இருக்கும். நீங்க ராத்திரி பத்து மணிக்கு லைட்ட அணச்சிட்டு பாருங்க. மெதுவா வெளிய வந்து, நாக்க நீட்டி நீட்டி மோந்து, ஒரு சுத்து சுத்திட்டு திரும்ப போய் படுத்தா நிம்மதியா இருக்குன்னு அர்த்தம். தெனம் கண்ணாடில மூக்க தேச்சு புண்ணாக்கிக்கிட்டா, நாள் கணக்கா தண்ணி கிண்ணத்துலயே கெடந்தா சரியில்ல. அடுத்து சட்டை உரிக்கும்போது அந்த தோல வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, கண்ணு இருந்த எடத்துல ரெண்டு குட்டி மூடி, மீன் செதில் மாதிரி, ரெண்டும் இருக்கணும்.

சாப்பிடாத விஷயத்துக்கு வரேன், எல்லாரும் பதறுறது இங்கதான். வளந்த ஆண் பால் பைத்தான் இனச்சேர்க்கை காலத்துல மாசக்கணக்குல கூட சாப்பிடாம இருக்கும், சட்டை உரிக்கறதுக்கு முன்னாடி கண்ணு நீலமா மங்குனா சாப்பிடாது, வீடு மாத்துனாலும் சாப்பிடாது. அதனால நாள எண்ணாதீங்க, கிச்சன் தராசுல வாரம் ஒருக்கா நிறுங்க. எடை நின்னா காத்திருங்க, எறங்கிட்டே போனா டாக்டர். குட்டின்னா இவ்வளவு பொறுமை கூடாது.

வாயத் திறந்து மூச்சு விட்டா, விசில் சத்தம் கேட்டா, எச்சில் நுரைச்சா அன்னிக்கே டாக்டர்தான். நாய் பூனைக்கு தெருவுக்கு ஒரு கிளினிக் இருக்கு, பாம்புன்னதும் கவுண்டர்லயே கைய விரிச்சிடுறாங்க, கேக்க ஆளில்ல. அதனால ஃபோன் பண்ணி ஊர்வன பாப்பாங்களான்னு கேட்டுட்டு கெளம்புங்க.

உங்க வீட்ல எனக்கு சந்தேகம் ஏர்கோன் மேலதான். அது ராத்திரி 20ல ஓடுற ரூம்ல பாம்புக்கு பசியே எடுக்காது. சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளுமையான பக்கம் 26. கைய வச்சு பாக்காதீங்க, தெர்மோமீட்டர் வைங்க. சூட்டுக்கல்லு மட்டும் வேணாம், வயிறு வெந்துரும். தொட்டிய இன்னைக்கே வேற ரூமுக்கு மாத்துங்க, ஒரு வாரம் யாரும் தொட வேணாம், அப்புறம் ஃப்ரோசன் எலிய வெந்நீர்ல போட்டு சூடாக்கி இடுக்கில புடிச்சு காட்டுங்க. உயிரோட போடாதீங்க, பசிக்காத பாம்ப எலிதான் கடிச்சு வைக்கும்.