பிஎச்பி-யில் என்ன மாற வேண்டும்? கேள்வி பதில்

பதினெட்டு வருடமாக, இணையதளங்களை உருவாக்கப் பயன்படும் நிரல் மொழியான பிஎச்பி-தான் எனக்குச் சோறு போடுகிறது. இந்த மொழியில் எது குறை, எதைச் சேர்க்கலாம் என்று கேட்டு அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கிறது. மொழியின் உள் அமைப்பு, ஸ்டிரிங் எனப்படும் எழுத்துத் தொடர், தமிழ் எழுத்து ஆகியவை எனக்குத் தெரிந்தவை. வேலைவாய்ப்பு, சம்பளம், எந்த ஃபிரேம்வொர்க் நல்லது என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம்.

கேள்வி: அக்கா, ஸ்டர்-பாஸில் முழு வாக்கியம் முதலில், தேடும் சொல் இரண்டாவது. இன்-அரேயில் தேடுவது முதலில், அரே இரண்டாவது. இத்தனை வருஷமா இதை ஏன் சரி பண்ணல?

ஒரு விதி இருக்கிறது. ஸ்டிரிங் ஃபங்ஷன்களில் எதில் தேடுகிறோமோ அது முதலில் வரும். அரே, அதாவது பட்டியல், சார்ந்த ஃபங்ஷன்களில் எதைத் தேடுகிறோமோ அது முதலில் வரும். ஸ்டிரிங் வரிசை சி மொழி நூலகத்திலிருந்து அப்படியே வந்தது. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்டபோது இது ஒரு புதிய மொழியே அல்ல. சி-யில் எழுதிய சில கருவிகளின் தொகுப்பு, அவ்வளவுதான்.

இன்று வரிசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டர்-பாஸுக்குப் போகும் இரண்டுமே ஸ்டிரிங். இடம் மாறினாலும் எர்ரர் வராது, 'இல்லை' என்று பதில் வரும், புரோகிராம் தவறான பாதையில் அமைதியாக ஓடிக்கொண்டே இருக்கும். கத்திக்கொண்டு உடையும் மாற்றத்தை ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் உடைவதுதான் ஆளைக் கொல்லும். அதனால்தான் இதில் கைவைக்க யாரும் ஒப்புக்கொள்வதில்லை, நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிஎச்பி 8.0 பதிப்பில் வந்த நேம்டு ஆர்க்யுமென்ட்ஸ் இதற்கு நல்ல மருந்து. பெயரைச் சொல்லிக் கொடுத்தால் வரிசை பற்றிய கவலையே இல்லை. ஆனால் அரே-மேப்பில் ஃபங்ஷன் முதலில், அரே-ஃபில்டரில் அரே முதலில் என்று இருக்கிறதே, அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. அது தவறுதான்.

கேள்வி: என்னிடம் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. யாரிடம் சொல்வது? சாதாரண டெவலப்பர் சொன்னால் எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்வார்கள். ஆர்எஃப்சி என்ற முன்மொழிவை யார் வேண்டுமானாலும் எழுதலாம். குறைந்தது இரண்டு வாரம் விவாதம், அதன் பிறகு வாக்கெடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால் உள்ளே வரும். வாக்களிக்கும் உரிமை எல்லோருக்கும் இல்லை, எழுதும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'இது இருந்தால் அழகாக இருக்கும்' என்று தொடங்காதீர்கள். உங்களைக் கடித்த புரோகிராம் வரிகளை முதலில் வையுங்கள்.

ஸ்டர்-கன்டெய்ன்ஸ் நல்ல உதாரணம். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்க நாம் எல்லோரும் ஸ்டர்-பாஸைத்தான் பயன்படுத்தினோம். அது சொல் இருக்கும் இடத்தின் எண்ணைத் தரும். சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே இருந்தால் 0 வரும், இஃப் அந்த 0-வைப் 'பொய்' என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, இருக்கிற சொல்லை இல்லை என்று சொல்லிவிடும். இந்தக் குழியில் விழாத பிஎச்பி டெவலப்பரை நான் பார்த்ததில்லை. ஒரே பத்தியில் விளக்கிவிடக்கூடிய வலி. உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஸ்டர்-கன்டெய்ன்ஸ் 2020-இல் 8.0-இல் வந்தது.

ஒருமுறை தோற்றால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். ஒரு பிராப்பர்ட்டியை வெளியிலிருந்து படிக்கலாம், மாற்ற முடியாது என்ற வசதியை முதல் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள், 8.4-இல் இருக்கிறது.

கேள்வி: ஜெனரிக்ஸ் எப்போது?

இந்த அரேயில் இந்த டைப் மட்டும்தான் இருக்கும் என்பதுபோல அறிவிக்கும் வசதிதான் ஜெனரிக்ஸ். சுலபமில்லை. பிஎச்பி ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாக கம்பைல் செய்கிறது, டைப்பை ஓடும்போது சரிபார்க்கிறது. பத்தாயிரம் உறுப்புள்ள அரே ஒன்றைக் கொடுத்தால் பத்தாயிரத்தையும் ஒவ்வொரு முறையும் சோதிப்பதா, சோதிக்காமல் நம்புவதா என்பதே முதல் சிக்கல். அதுவரை, புரோகிராமை ஓட்டாமலே டைப்பைச் சோதிக்கும் கருவிகளான பிஎச்பிஸ்டான் அல்லது சாம் வைத்து கமென்ட்டில் டைப் எழுதுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், தொண்ணூறு சதவீத நிம்மதி அதிலேயே கிடைத்துவிடுகிறது.

கேள்வி: மேடம், 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஸ்டர்-லென் 15 என்கிறது. மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பதினைந்தா? இதை மொழியிலேயே மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லையா?

கேட்டார்கள். ஒரு முழுப் பதிப்பே அதில் போய்விட்டது.

முதலில் கணக்கு. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 'தமிழ்' என்பதில் ஐந்து குறிகள். ஸ்டர்-லென் பைட்டை எண்ணுகிறது, 15. எம்பி-ஸ்டர்லென் குறிகளை எண்ணுகிறது, 5. நாம் கண்ணால் எண்ணுவது போல 3 வேண்டுமென்றால் இன்ட்ல் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் தொகுப்பில் உள்ள கிராஃபீம்-ஸ்டர்லென். மூன்றுமே சரியான பதில்தான், மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு.

பிஎச்பி 6 என்று ஒன்று வந்திருக்க வேண்டும். ஸ்டிரிங் எல்லாவற்றையும் உள்ளுக்குள் யூடிஎஃப்-16 ஆக வைப்பது அதன் திட்டம். வருடக்கணக்கில் உழைத்தார்கள். மெமரி கூடியது, வேகம் குறைந்தது, உள்ளே வரும் ஒவ்வொன்றையும் வெளியே போகும் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டியிருந்தது. 2010-இல் கைவிட்டார்கள். 5-க்கு அடுத்து 7 வந்ததற்கு அதுதான் காரணம்.

கேள்வி (அதற்குத் தொடர்ச்சி): ஸ்விஃப்ட் மொழியில் எழுத்தைத்தான் எண்ணுகிறது. அவர்களால் முடிகிறது, நம்மால் முடியாதா? ஐஎன்ஐ ஃபைலில் ஒரு செட்டிங் கொடுத்தால் போதுமே.

ஸ்விஃப்ட் 2014-இல் புதிதாகப் பிறந்தது, அதற்குப் பழைய கோட் கிடையாது. நீங்கள் கேட்கும் செட்டிங் பிஎச்பி-யில் இருந்தது. ஃபங்க்-ஓவர்லோட் என்று பெயர். அதைப் போட்டால் ஸ்டர்-லென் என்று எழுதிய இடத்திலெல்லாம் எம்பி-ஸ்டர்லென் ஓடும். 7.2-இல் கைவிடச் சொல்லி எச்சரித்தார்கள், 8.0-இல் நீக்கிவிட்டார்கள்.

ஏன் நீக்கினார்கள் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் ரசீது பிடிஎஃப் இறக்கினால் பாதியோடு நின்றுவிடும். இரண்டு நாள் தேடினோம். ஹெடரில் 'இத்தனை பைட் வரும்' என்று சொல்ல ஸ்டர்-லென் போட்டிருந்தோம். சர்வரில் யாரோ இந்த செட்டிங்கை இயக்கியிருந்தார்கள். பிடிஎஃப்-இன் பைட்டுகளை அது எழுத்துகளாக எண்ணி, உண்மையைவிடக் குறைவான எண்ணைக் கொடுத்தது. பிரவுசர் அந்த எண் வந்ததும் நிறுத்திக்கொண்டது. கோடில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. ஒரே ஃபங்ஷன் ஒரு சர்வரில் ஒரு பொருளும் இன்னொரு சர்வரில் வேறு பொருளும் தரக் கூடாது. செட்டிங் கேட்டு எழுதப்படும் எந்த முன்மொழிவையும் நான் எதிர்ப்பது இதனால்தான்.

கேள்வி (மூன்றாமவர்): தமிழில் எழுத்து என்றால் என்ன என்பதே முடிவாகவில்லையே. 'க்ஷ' ஒன்றா இரண்டா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். பாடப்புத்தகத்தில் க்ஷ ஒரு எழுத்து. யூனிகோடில் க, புள்ளி, ஷ என்று மூன்று குறி, ஒன்பது பைட். கிராஃபீம் ஃபங்ஷன் க், ஷ என்று இரண்டாக எண்ணும். 'ஸ்ரீ' திரையில் ஒரே உருவமாக நிற்கும், அதையும் இரண்டு என்றுதான் சொல்லும். ஒரு மொழியின் மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஃபங்ஷன் இதில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? நம் எழுத்துக்கே இந்தப் பாடு.

அதனால் பெயரே சொல்லும்படி தனித்தனி ஃபங்ஷன் இருப்பதை ஆதரிக்கிறேன். கிராஃபீம் குடும்பத்தை வளர்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்குக் காது கொடுக்கிறார்கள். 8.4-இல் கிராஃபீம்களாகப் பிரித்து அரேயாகத் தரும் ஃபங்ஷன் வந்தது. இன்ட்ல் எக்ஸ்டென்ஷன் எல்லா ஹோஸ்டிங்கிலும் இருப்பதில்லை என்பதுதான் என் மனக்குறை. தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் ஹோஸ்டிங் வாங்கும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: செய்தித் தலைப்பைச் சுருக்க சப்ஸ்டர் போட்டேன். கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வருகிறது. ஆப்பில் அந்தப் பக்கமே காலி.

இடைவெளி ஒரு பைட், தமிழ்க் குறி மூன்று பைட். நூறாவது பைட்டில் வெட்டினால் ஒரு குறியின் நடுவில் கத்தி இறங்க வாய்ப்பு அதிகம். அதை ஆப்புக்கு அனுப்பும் வடிவமாக்க ஜேசன்-என்கோடிடம் கொடுத்தால், கெட்ட யூடிஎஃப்-8 என்று ஃபால்ஸ் தரும். ஒரு தலைப்புக்காக மொத்தப் பதிலும் போய்விடும். அது சத்தம் போடாமல் நடக்கும் என்பதால், பிழை வந்தால் எக்செப்ஷன் எறியச் சொல்லும் ஃபிளாகைச் சேர்த்துக்கொள்ளுங்கள், 7.3-இலிருந்து இருக்கிறது.

எம்பி-சப்ஸ்டர் போட்டால் வைரம் போகும். ஆனால் 'கண்ணன்' என்பது 'கண்ணன' என்று புள்ளியில்லாமல் நிற்கலாம். கிராஃபீம்-சப்ஸ்டர் போடுங்கள்.

கேள்வி: மாறிகளுக்கு முன்னால் டாலர் குறியை எடுத்துவிடலாமே?

வேண்டாம். மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அக்கா, ஜெனரிக்ஸ் வருமா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: == என்பதை நீக்கிவிட்டு === மட்டும் வைத்தால் என்ன?

== டைப்பை மாற்றியும் ஒப்பிடும், === டைப்பும் ஒன்றா என்று பார்க்கும். ==-ஐ நீக்க முடியாது, நீங்கள் பயன்படுத்தாமல் இருக்க முடியும். 8.0-இல் கொஞ்சம் சரி செய்தார்கள். அதற்கு முன் 0 == 'வணக்கம்' என்றால் உண்மை என்று வரும், இப்போது வராது. ஆனால் 0-வும் ஆங்கில 'e' எழுத்தும் அதன் பின் எண்கள் மட்டுமாகத் தொடரும் இரண்டு ஹேஷ்களை (தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குறியீடுகளை) == போட்டு ஒப்பிட்டால், இரண்டையும் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு சமம் என்று இன்றும் சொல்லும். டோக்கன் சோதிக்கும் இடத்தில் அது திறந்த கதவு. === போடுங்கள். பாஸ்வேர்டுக்கு அதுவும் வேண்டாம், பாஸ்வேர்ட்-வெரிஃபை போடுங்கள்.

கேள்வி: அசிங்க்-அவெய்ட்?

ஒரு வேலையை நடுவில் நிறுத்திவைத்துப் பிறகு தொடர உதவும் ஃபைபர்ஸ் 8.1-இல் வந்தது. அதன் மேல் நூலகங்கள் கட்டியிருக்கிறார்கள். அதிகம் பயன்படுத்தியவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனாக அடுக்குவது கண்ணைக் கட்டுகிறது. இடமிருந்து வலமாக எழுத வழி?

2025 நவம்பரில் வந்த 8.5-இல் |> என்ற குறி இருக்கிறது. இடப்பக்கத்து விடை வலப்பக்கத்து ஃபங்ஷனுக்குள் போகும். எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கேள்வி: நாங்கள் 7.4-இல் இருக்கிறோம். இதெல்லாம் எங்களுக்கும் வருமா?

வராது. 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. புதிய வசதி கேட்பதற்கு முன் அதிலிருந்து வெளியே வாருங்கள். வரும்போது == போட்ட இடங்களைத் தேடிப் பாருங்கள், அங்கேதான் சத்தமில்லாமல் மாறியிருக்கும்.

கேள்வி: ஜெனரிக்ஸ் பற்றி உங்கள் கருத்து?

மூன்றாவது முறை. மேலே.

கேள்வி: ஒரு உறுப்பினர் லாகின் செய்ய முடியவில்லை. பெயர் 'ஸ்ரீ'யில் தொடங்குகிறது. டேட்டாபேஸில் இருப்பதும் அவர் அடிப்பதும் திரையில் ஒன்றுபோலவே இருக்கின்றன, === போட்டும் பொய் என்கிறது. பிஎச்பி-யில் பிழையா?

பிழை இல்லை தம்பி. ஸ்ரீ-யை இரண்டு விதமாக அடிக்கலாம். ஸ போட்டுத் தொடங்குவது ஒன்று, ஶ போட்டுத் தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொல். 'கொ' போன்றவற்றிலும் இப்படி வரும், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம். அதை நார்மலைசர் கிளாஸ் ஒன்றாக்கிவிடும். ஸ்ரீ-யை ஒன்றாக்காது, நீங்களே ஒரு மாற்று வரி எழுத வேண்டும்.

பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு வேலையையும் ஒரே ஃபங்ஷனில் செய்யுங்கள். இப்போதைக்கு இரண்டு பெயரையும், பைட்டுகளை அப்படியே காட்டும் பின்-டு-ஹெக்ஸில் போட்டுப் பாருங்கள். மூன்றாவது பைட் மட்டும் வேறாக இருந்தால் நான் சொன்னதுதான். இல்லையென்றால் இரண்டு வரியையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.