டாட்டூவும் மூக்கு வளையமும் இருந்தால் நர்ஸ் வேலை கிடைக்காதா?

கேள்வி: முன்கையில் டாட்டூ, மூக்கில் வளையம், காது மடலின் மேல்பக்கம் ஒரு ஸ்டட். நர்சிங் படிப்பு முடியப் போகிறது. வேலை தேடுவதற்கு முன் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா?

பதில்: டாட்டூவை அழிக்க லேசர் கிளினிக்குக்கு ஓடாதீர்கள். பலமுறை போக வேண்டியிருக்கும், வலிக்கும், சிலருக்குத் தழும்பும் நிற்கும். அதற்கு அவசியமே இல்லாமல் போகலாம்.

வார்டிலும் ஐசியுவிலும் வேலை பார்த்தவளாகச் சொல்கிறேன். தோற்றம் பற்றிய விதிகளில் சில நோயாளியின் பாதுகாப்புக்காக வந்தவை, சில நிர்வாகத்தின் விருப்பத்துக்காக வந்தவை. இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவதால், எதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: நகம். 1997-98இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பச்சிளங்குழந்தைகளுக்கான ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் சூடோமோனாஸ் கிருமி நீண்டகாலம் பரவியது. தொற்றிய 46 குழந்தைகளில் 16 பேர் இறந்தார்கள். அதே கிருமி மூன்று நர்ஸ்களின் கைகளில் இருந்தது. அவர்களில் ஒருவருக்கு நீளமான நகம், இன்னொருவருக்கு ஒட்டிய செயற்கை நகம். கிருமி பரவியதில் அந்த நகங்களுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலும் நோயாளியைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது, சொந்த நகம் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இதில் பேரம் பேசவே பேசாதீர்கள். மோதிரமும் அப்படித்தான். எவ்வளவு கழுவினாலும் அதன் அடியில் கிருமி தங்கும்.

ஆறிய டாட்டூ வேறு விஷயம். அது தோலுக்குள் இருக்கும் நிறம். மேல்தோல் முழுசாக இருக்கிறவரை, சோப்புப் போட்டுக் கழுவினால் மற்ற தோலைப் போலவே சுத்தமாகும். அதை மறைக்க முழுக்கைச் சட்டை போடச் சொல்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மணிக்கட்டை மூடிக்கொண்டு சரியாகக் கை கழுவ முடியாது. சட்டையின் ஓரம் ஒவ்வொரு படுக்கையையும் உரசிக்கொண்டே போகும். இங்கிலாந்தில் முழங்கைக்குக் கீழே துணி, கடிகாரம் எதுவும் கூடாது என்று 2007இல் அறிவித்ததே கை சுத்தத்துக்காகத்தான். கண்ணுக்கு உறுத்துகிறது என்பதற்காகக் கை சுத்தத்தைக் குறைப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் யாரையாவது இழிவுபடுத்தும் படமோ, நிர்வாணமோ, வெறுப்பு வாசகமோ கையில் இருந்தால் நிலைமை வேறு. எழுந்து போக முடியாமல் படுத்திருப்பவர் அதைப் பார்த்தே தீர வேண்டும். அதை மறைக்கச் சொல்வது நியாயம்.

மூக்கு வளையத்துக்குப் பதில் தட்டையான சிறு ஸ்டட் போடுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. குழப்ப நிலையில் இருக்கும் நோயாளியும், தூக்கிப் பிடிக்கும் குழந்தையும் கையில் அகப்பட்டதை இழுப்பார்கள், மூக்கு கிழியும். தொங்கும் காதணிக்கும், விரித்த காது மடலின் வளையத்துக்கும் இதே ஆபத்து உண்டு. ஆபரேஷன் தியேட்டரிலும் எம்.ஆர்.ஐ. அறையிலும் கழற்றச் சொன்னால் உடனே கழற்ற வருவதாக இருக்க வேண்டும். நாக்கில் குத்தியிருப்பவர்கள் தங்கள் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் தவறாகக் காதில் விழக் கூடாது.

நேர்முகத்தில் டாட்டூவை ஒளிக்காதீர்கள், நீங்களாக அதைப் பற்றி விளக்கவும் தொடங்காதீர்கள். வேலை உறுதியானதும், கையெழுத்துப் போடும் முன் தோற்ற விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை, சில இடங்களில் பிரிவுக்குப் பிரிவு மாறும். முன்கையை மூடச் சொன்னால், ‘கை கழுவும்போது என்ன செய்வது?’ என்று பணிவாகக் கேளுங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம் கேட்டால் இன்னும் நல்லது. என் அனுபவத்தில் நிர்வாகம் அவர் சொன்னால் கேட்கும்.

புதிதாக எதையாவது குத்திக்கொள்ளும் எண்ணம் இருந்தால் வேலையில் சேரும் முன்பே முடித்துவிடுங்கள். டாட்டூவின் மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். காதின் குருத்தெலும்பில் போட்ட துளைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகலாம். ஆறாத புண்ணோடு வார்டில் நின்றால் உங்களுக்கும் தொற்றலாம், உங்களிடமிருந்து நோயாளிக்கும் போகலாம்.