குளிர்காலச் சோர்வுக்கு 1,800 டொலர் கட்ட வேண்டாம்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். வயது 36. இது மூன்றாவது குளிர்காலம். பண்டகசாலை வேலைக்கு இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறேன். நவம்பர் வந்தாலே கட்டிலை விட்டு எழ முடிவதில்லை. எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை. பாணும் இனிப்பும் தின்றுகொண்டே இருக்கிறேன். பிள்ளைகளோடு பேசவும் மனம் வருவதில்லை. ஏப்ரலில் தானாகச் சரியாகிவிடுகிறது. கணவர் சோம்பல் என்கிறார். தெரிந்தவர் காட்டிவிட்ட ‘மனநல ஆலோசகர்’ ஒருவர், விளக்கு ஒன்றுக்கும் பன்னிரண்டு அமர்வுகளுக்கும் சேர்த்து 1,800 டொலர் முற்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதியிருப்பது சோம்பல் அல்ல. பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் மனச்சோர்வின் அடையாளங்கள் அத்தனையும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. 1984இல் இதை ஒரு நோயாக விவரித்த மருத்துவர் நோர்மன் ரோசன்தால், வெயில் நிறைந்த தென்னாபிரிக்காவிலிருந்து நியூயோர்க் வந்து, அந்தச் சோர்வைத் தாமே அனுபவித்தவர். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ரொறன்ரோவில் டிசம்பர் கடைசியில் அது ஒன்பது மணி நேரத்துக்குச் சுருங்குகிறது. காலை வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் பிந்திப்போகிறது; விடிந்த பிறகும் உடம்பு இரவென்றே நினைக்கிறது. உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியை வாசிக்கக் கொடுங்கள்.

பகல் வெளிச்சத்துக்கு ஈடாகக் கண்ணுக்கு ஒளி தரும் அந்த விளக்கு உதவும். ஆனால் அதை நீங்களே கடையில் வாங்கலாம். 100 முதல் 200 டொலருக்குள் நல்லது கிடைக்கும். பெட்டியில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று இருந்தால் மட்டும் போதாது, எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் அந்த அளவு கிடைக்கிறது என்றும் பாருங்கள். முகத்தோடு ஒட்டிவைத்தால்தான் கிடைக்கும் என்றால் அது உதவாது. புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாக இருக்க வேண்டும். எழுந்தவுடன், தேநீர் குடிக்கும் நேரத்தில், அரை மணி நேரம் அதன் முன்னால் இருங்கள். விளக்கையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. ஓரிரு வாரங்களில் வித்தியாசம் தெரிய வேண்டும். மதிய இடைவேளையில் வெளியே நடங்கள். மேகம் மூடிய பகல்கூடப் பண்டகசாலை விளக்குகளைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. விற்றமின் டி எலும்புக்கு நல்லது, எடுங்கள். இந்தச் சோர்வை அது தீர்க்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இனி அந்த ஆலோசகர். நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ‘சைக்கோதெரபிஸ்ட்’, அதாவது உளசிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளச் சட்டப்படி பதிவு வேண்டும். ‘கவுன்சிலர்’, ‘வாழ்க்கைப் பயிற்சியாளர்’ என்று யாரும் பலகை மாட்டலாம். நம்மவர்களைக் குறிவைத்து, தமிழில் இனிக்கப் பேசி, முற்பணம் வாங்கும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். உளசிகிச்சையாளர்களுக்கான ஒழுங்காற்று அமைப்பின் இணையப் பட்டியலில் பெயரை இலவசமாகத் தேடலாம். எந்தப் பதிவும் இல்லாதவர் என்றால் உங்கள் வேலையிடக் காப்புறுதியும் அந்தப் பற்றுச்சீட்டுக்குப் பெரும்பாலும் பணம் தராது. காட்டிவிட்டவருக்குத் தரகு போகிறதா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

குடும்ப வைத்தியரைப் பார்க்க ஒகிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) அட்டை போதும். தைரொயிட், இரும்புச்சத்து, பி12 ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். அவை குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும். பேச்சுச் சிகிச்சை தேவைப்பட்டால், மாகாண அரசின் நிதியில் நடக்கும் ‘ஒன்ராறியோ ஸ்ட்ரக்சர்ட் சைக்கோதெரபி’ திட்டத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், கட்டணம் இல்லை. இலவசம் என்றால் காத்திருப்பும் உண்டு. நவம்பரில் விழுந்தவருக்குப் பனி உருகிய பிறகு அழைப்பு வருவதைப் பார்த்திருக்கிறேன். குளிர்காலம் எப்போது வரும் என்று நாட்காட்டியிலேயே இருக்கிறது. இந்தச் சுகாதார அமைப்புக்கு மட்டும் ஒவ்வொரு ஆண்டும் அது திடீரென்று வருகிறது! முற்பணக்காரர்கள் வளர்வது இந்த இடைவெளியில்தான்.

விளக்கை வாங்குமுன் ஒன்றை நன்றாக யோசியுங்கள். வாழ்க்கையில் எப்போதாவது, பல நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், களைப்பும் இல்லாமல், ஓயாமல் பேசி, கையில் இருந்ததையெல்லாம் செலவழித்துத் திரிந்த காலம் உண்டா? ஊரில் அதை இருமுனைக் கோளாறு என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். படிப்பு முற்றிவிட்டது என்றிருப்பார்கள், பேய் பிடித்தது என்று கோயிலுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டறியுங்கள். அப்படியென்றால் விளக்கை நீங்களாகத் தொடவே கூடாது. காலை வெளிச்சம் இந்தக் கோளாறு உள்ளவர்களைச் சோர்விலிருந்து தூக்கி மறுபக்கம், அந்த ஓயாத உற்சாகத்துக்குள், எறிந்துவிடலாம். முதலில் மனநல வைத்தியர், மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து, அதன்பின் அவர் சொல்லும் நேரத்தில், சொல்லும் அளவில் மட்டும் விளக்கு. விளக்கு தொடங்கிய பிறகு தூக்கம் சட்டென்று குறைந்து உற்சாகம் கரைபுரண்டால், குணமாகிவிட்டது என்று மகிழாமல் அணைத்துவிட்டு வைத்தியரை அழையுங்கள். விழித்திரை நோய் உள்ளவர்களும் கண் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

உயிரை விடலாம் என்ற எண்ணம் ஒருகணம் வந்தாலும் 988ஐ அழையுங்கள். கனடா முழுவதும், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

இந்த முறை பலன் கிடைத்தால், ஏப்ரலில் விளக்கைத் தூக்கி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு, நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும் நாளுக்குக் காத்திராமல், ஒக்டோபர் தொடக்கத்திலேயே அதன் முன் உட்காருங்கள்.