ரீபில்ட் செய்த ஜீப் எஞ்சினுக்குப் பெரிய ஆயில் பம்ப் தேவையா?

கேள்வி: ஊட்டியில் பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைப் போர் செய்து, கிராங்க் ஷாஃப்ட் கடைந்தாயிற்று. மலை ஏறுகிற வண்டி என்பதால் பெரிய ஆயில் பம்ப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? எப்படிப் பராமரிப்பது?

பதில்: அநேகமாகத் தேவைப்படாது. கோத்தகிரிப் பக்கம் பச்சை இலை மூட்டை ஏற்றும் ஜீப் என்னுடையது, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பம்ப் ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான். அந்த ஆயில் பேரிங்கின் நூலிழை இடைவெளியில் புகுந்து போகத் திணறும்போதுதான் பிரஷர் உண்டாகிறது. கிராங்க் கடைந்த அளவுக்குச் சரியான, உள்விட்டம் குறைந்த அண்டர்சைஸ் பேரிங் உட்கார்ந்திருந்தால் கம்பெனி பம்பே தாராளம். பெரியதைப் போட்டால், பிரஷர் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு மிச்ச ஆயிலைத் திருப்பி விட்டுவிடும். ஆயில் சும்மா சூடாகும், பம்பைச் சுழற்றும் பல்சக்கரத்துக்கும் சுமை. ஆயில் கூலரோ டர்போவோ புதிதாக மாட்டினால் கதை வேறு.

பழைய பம்பை அப்படியே மாட்ட விடாதீர்கள். கவர் பிளேட்டைக் கழற்றி, பம்ப் முகத்தில் நேரான ஸ்கேலை வைத்து, உள்ளே இருக்கும் பல்சக்கரத்துக்கும் ஸ்கேலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். பொதுவாக 0.05 முதல் 0.10 மி.மீ. வரை இருக்கலாம், 0.15-ஐத் தாண்டினால் எனக்குத் திருப்தி வராது. உங்கள் எஞ்சின் மேனுவல் சொல்வதே முடிவு. பிளேட்டில் பல் உரசிய வளையம் இருந்தால், கண்ணாடி மேல் எமரி ஷீட் விரித்துத் தேய்த்துச் சமமாக்கலாம். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் புதிதாகவே இருக்கட்டும். ஆனால் பிரஷர் கேஜ் முள்ளை உயர்த்த அதற்கு அடியில் வாஷர் சொருகுவது வெறும் ஏமாற்று.

சம்ப் (எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) பேக்கிங்குக்கு டியூப் பேஸ்ட்டைப் பிதுக்கிப் பூசுவார்கள். வெளியே தெரிகிற பிசிறைத் துடைத்துவிடுவார்கள். உள்ளே பிதுங்கியது சூட்டில் உரிந்து, பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் புழு மாதிரி ஒட்டிக்கொள்ளும். புத்தம்புது பம்ப் ஆனாலும் என்ன செய்யும்? பக்கத்தில் நின்று மெல்லிசாகப் பூசச் சொல்லுங்கள்.

மாட்டும்போது பம்புக்குள் வாசலின் நிரப்புங்கள், கிரீஸ் கூடாது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, டீசலை நிறுத்தி, கேஜில் முள் எழும்வரை செல்ஃபை விட்டு விட்டு அடியுங்கள். டேஷ்போர்டு லைட்டை நம்ப வேண்டாம். பிரஷர் தரைதட்டிய பிறகுதான் அது எரியும். தனி கேஜ் ஒன்று மாட்டிவிடுங்கள்.

ஜனவரிக் குளிரில் காலையில் முள் ஜோராக நிற்கும். ஆயில் கெட்டியாக இருப்பதால் வரும் பொய்க்கணக்கு அது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி, எஞ்சின் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது பாருங்கள். 1000 ஆர்.பி.எம்.முக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய மெக்கானிக் கணக்கு. குறைகிறதே என்று கெட்டி ஆயிலுக்குத் தாவாதீர்கள், இந்தக் குளிரில் 15டபிள்யூ-40 கிரேடு ஆயில் போதும்.

லெவலைச் சமதளத்தில் பாருங்கள். எங்கள் ஊரில் சமதளம் தேடுவதே பாதி வேலை! முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரைப் பிரித்துப் பாருங்கள். ஆக்ஸா பிளேடால் அறுத்தால் அந்த இரும்புத்தூளே உள்ளே விழுந்து பயமுறுத்தும், ஃபில்டர் கட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காகித மடிப்பில் லேசான மினுமினுப்பு சகஜம். நகத்தில் சிக்குகிற உலோகச் செதில் கிடைத்தால் வண்டியை எடுக்காமல் சம்பைக் கழற்றச் சொல்லுங்கள்.